பத்துக்குப் பன்னிரண்டு அறையில் ஒரு சின்ன ரைஸ் குக்கர்

அதிகாலை நாலரை மணி. ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றின் லயத்தில் ஒரு காம்பரா. நீளம் பன்னிரண்டு அடி, அகலம் பத்து அடி. முன்னால் இஸ்தோப்பு, பின்னால் ஓர் ஒட்டுக் குசினி. அந்த இடத்தில் இப்போது இரண்டு குடும்பங்கள் இருக்கின்றன. ஒன்று அந்த வீட்டுக் குடும்பம். மற்றது 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் மழையில் மலைச்சரிவு இறங்கி, வீட்டையும் கரட் பாத்திகளையும் கொண்டுபோனபின் வந்து சேர்ந்த தங்கையின் குடும்பம். ஒன்பது பேருக்கு ஒரே அடுப்பு. ஈர மிலாறு பற்றிக்கொள்ள மறுக்கிறது. புகை குசினியை நிறைத்து, தூங்கும் பிள்ளைகளின் பக்கம் போகிறது.

நாம் அங்கே சென்றிருந்தபோது, அலுமாரிக்கு மேல் ஓர் அட்டைப் பெட்டியைக் கண்டோம். நிவாரணமாகக் கிடைத்த சின்ன ரைஸ் குக்கர். பெட்டி பிரிக்கப்படவே இல்லை. ஏன் என்று கேட்டபோது தங்கை மூன்று காரணங்களைச் சொன்னார். முதலாவது, அக்கா வீட்டுக் கரண்டு பில் ஏறிவிடும் என்ற கூச்சம். இரண்டாவது, வயர் பழசு என்ற பயம். மூன்றாவது, பக்கத்து லயத்தில் ஒருவர் அதில் சமைத்தபோது சோறு நறுக்கரிசியாகவே நின்றுவிட்டது என்ற கதை.

மூன்றும் நியாயமான காரணங்களே. எம்மில் பலரது வீட்டிலும் இந்தப் பெட்டி இப்படியே இருக்கிறது. ஆகவே இந்த மூன்று கேள்விகளுக்கும் இங்கே பதில் தேடுவோம். நான்காவதாக ஒன்றை யாரும் எம்மிடம் கேட்கவில்லை. அதையும் கடைசியில் நாமே கேட்போம்.

அடுப்புப் புகையின் விலை

விறகு சும்மா கிடைக்கிறது என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். கவ்வாத்து வெட்டிய மலையில் மிலாறு பொறுக்கிக் கட்டி, தலையில் சுமந்து, மேட்டில் ஏறி வருகிறவருக்கே அதன் விலை தெரியும். மழை மாதங்களில் அது காயாது. காயாத விறகு எரிவதைவிடப் புகைவதே அதிகம்.

வீட்டுக்குள் சமையல் புகையைச் சுவாசிப்பதனால் உலகில் 2020ஆம் ஆண்டில் மட்டும் ஏறக்குறைய 32 இலட்சம் பேர் இறந்தார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அவர்களுள் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள். ஜன்னலைத் திறந்தால் குளிர், மூடினால் புகை என்ற நிலையில் வாழும் எமக்கு இந்தக் கணக்கு தூரத்துக் கணக்கல்ல.

இன்னொன்றையும் நினைவில் கொள்வோம். நாட்டுக்கு வெளிச்சம் கொடுத்த மலை இது. லக்ஷபான மின்நிலையம் 1950இல் இயங்கத் தொடங்கியது. மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கத்தின் அடியில் பழைய மஸ்கெலியா நகரம் கிடக்கிறது. தலவாக்கலையில் மேல் கொத்மலைத் திட்டம் 2012 முதல் 150 மெகாவாட் வரை மின்சாரம் தருகிறது. அணை கட்டியபோதெல்லாம் இடம்பெயர்ந்தவர்கள் இங்கே உண்டு. ஆனால் அந்த மின்சாரம் பல லயங்களுக்கு வந்து சேரப் பல பத்தாண்டுகள் பிடித்தன. ஆகவே எமது குசினியில் ஒரு செருகியை நாம் கேட்பது ஆடம்பரமல்ல.

பெட்டிக்குள் என்ன நடக்கிறது?

மின்சாரத்தில் தானாகச் சோறாக்கும் பாத்திரத்தை ஜப்பானின் தொஷிபா நிறுவனம் 1955இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதனை உருவாக்கியவர் டோக்கியோவில் சிறு தொழிலகம் நடத்திய யோஷிதாதா மினாமி. அரிசி, தண்ணீர், வெப்பம் ஆகியவற்றின் அளவுகளைத் திரும்பத் திரும்பச் சமைத்துப் பார்த்துக் குறித்தவர் அவரது மனைவி ஃபுமிகோ. வெளிக்குளிரில் வைத்தபோது சோறு சரியாக வரவில்லை. வெப்பம் வெளியே போகாதபடி உறையை அடுக்கடுக்காக அமைத்தே அதனைச் சரிசெய்தார்கள். குளிர்நாட்டுக் குசினியின் பிரச்சினை அவர்களுக்கும் இருந்திருக்கிறது.

இன்று எம் கைக்கு வரும் சாதாரண குக்கரின் வேலை மிக எளிது. அடியில் ஒரு சூடேற்றும் தட்டு. அதன் நடுவில் ஸ்பிரிங்கில் ஏறி இறங்கும் ஒரு சிறு குமிழ். அந்தக் குமிழுக்குள் ஒரு காந்தம். பாத்திரத்தில் தண்ணீர் இருக்கும்வரை சூடு கொதிநிலையைத் தாண்டாது. தண்ணீர் முழுவதும் அரிசியில் ஏறி, மீதி ஆவியானதும் பாத்திரத்தின் அடி விரைவாகச் சூடேறும். 100 பாகையைச் சற்றுத் தாண்டியதும் காந்தம் தன் பிடியை இழக்கிறது. ஸ்பிரிங் தள்ளுகிறது. ‘டக்’ என்று சுவிச் மேலே வருகிறது.

இதிலிருந்து ஒன்றை விளங்கிக்கொள்ள வேண்டும். சோறு வெந்துவிட்டதா என்பது அந்தச் சுவிச்சுக்குத் தெரியாது. தண்ணீர் முடிந்துவிட்டது என்பது மட்டுமே அதற்குத் தெரியும்.

மலையில் சோறு ஏன் நறுக்கரிசியாகிறது?

கடல்மட்டத்தில் தண்ணீர் 100 பாகையில் கொதிக்கும். மேலே ஏற ஏறக் காற்றின் அமுக்கம் குறைவதால், ஏறக்குறைய ஒவ்வொரு 300 மீற்றருக்கும் ஒரு பாகை குறைந்தே கொதிக்கும். ஹட்டன் 1270 மீற்றர் அளவு உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் 96 பாகை அளவில் கொதித்துவிடும். 1868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் 94 பாகை அளவு போதும். அதற்குமேல் எவ்வளவு நெருப்பு எரித்தாலும் திறந்த பானைத் தண்ணீரின் சூடு ஏறாது. தண்ணீர்தான் வற்றும்.

வன்னியில் கமம் செய்து, பிறகு மலைக்குத் திரும்பிய குடும்பங்கள் இதனை நன்றாக அறியும். 1977, 1983 வன்செயல்களுக்குப் பின் வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய்க் காடு வெட்டி வயல் செய்தவர்கள், அங்கே இரண்டு கொதியில் இறக்கிய அரிசிக்கு இங்கே கூடுதல் நேரம் எரிக்க வேண்டியிருந்தது. அடுப்பில் என்றால் நாம் பதம் பார்த்து, இன்னும் கொஞ்சம் தண்ணீர் விடுவோம். குக்கர் பதம் பார்க்காது. தண்ணீர் முடிந்தால் நின்றுவிடும். பழுது குக்கரிலும் இல்லை, அரிசியிலும் இல்லை.

பரிகாரம் இதுதான்:

1. அரிசியைக் கல் அரித்து, களைந்து, அரை மணித்தியாலமாவது ஊறவைக்கவும். சிவப்புப் பச்சையரிசியும் புழுங்கல் அரிசியும் ஒரு மணித்தியாலம் ஊறினால் நல்லது. தண்ணீர் மணியின் நடுவுக்கு முன்னமே போய்விட்டால் குறைந்த சூட்டிலும் வேகும்.

2. தண்ணீரைக் கூட்டவும். கீழ்நாட்டில் ஒரு கோப்பை அரிசிக்கு இரண்டு கோப்பை விட்டவர் இங்கே இரண்டேகாலில் தொடங்கிப் பார்க்கலாம். போதாவிட்டால் அடுத்த நாள் கால் கோப்பை கூட்டவும். சரிவந்த அளவைக் குசினிச் சுவரில் கரித்துண்டால் எழுதிவைக்கவும். அரிசி மாறினால் அளவும் மாறும்.

3. சுவிச் மேலே வந்ததும் மூடியைத் திறக்க வேண்டாம். பதினைந்து நிமிடம் அப்படியே விடவும். உள்ளே நிற்கும் ஆவி மீதி வேலையைச் செய்யும்.

4. அப்போதும் வேகாவிட்டால் அரைக் கோப்பை சுடுநீர் தெளித்து மீண்டும் சுவிச்சை அமர்த்தவும். சுவிச் எழும்பாதபடி கரண்டியையோ தடியையோ முட்டுக்கொடுக்க வேண்டாம். காந்தத்தின் வேலையைத் தடுத்தால் பாத்திரம் கருகும், தட்டும் வயரும் எரியும்.

அளவு பற்றியும் ஒரு சொல். குக்கருடன் வரும் பிளாஸ்டிக் கோப்பை பெரும்பாலும் 180 மில்லிலீற்றர் கொள்ளும். எமது சுண்டும் தேநீர்க் கோப்பையும் வேறு அளவு. பாத்திரத்தின் உட்சுவரிலுள்ள கோடுகள் அந்தச் சிறிய கோப்பைக்கே பொருந்தும். அந்தக் கோப்பையைப் பிள்ளைகள் விளையாட எடுக்காதபடி குக்கருக்குள்ளேயே வையுங்கள். 0.6 லீற்றர் குக்கர் இப்படி மூன்று கோப்பை, அதாவது அரைக்கிலோவுக்குச் சற்றுக் குறைந்த அரிசி கொள்ளும். மூன்று நான்கு பேருக்குப் போதும். அதற்குமேல் திணித்தால் நுரை பொங்கி வழிந்து, அடித்தட்டில் இறங்கும்.

பில் எவ்வளவு ஏறும்?

கணக்குச் சிறியது. 0.6 லீற்றர் குக்கர் 300 முதல் 350 வாட் வரை எடுக்கும். அரை மணித்தியாலம் சமைத்தால் ஓர் அலகில் ஆறில் ஒரு பங்கு அளவு. ஆறு தடவை சோறாக்கினால் ஏறக்குறைய ஓர் அலகு என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நாளுக்கு இரு தடவை என்றால் மாதத்துக்குப் பத்து அலகு. மலையில் தண்ணீர் கூட விடுவதால் பதினொன்று, பன்னிரண்டு ஆகலாம். ஊறிய அரிசிக்குச் சுடுநீர் விட்டால் நேரம் குறையும். தேநீருக்கு அடுப்பு மூட்டும் வீட்டில் அதே நெருப்பில் இந்தத் தண்ணீரையும் சுடவைக்கலாம்.

கையை மீறிச் செலவாவது ‘சூடாக வைத்தல்’ என்ற இரண்டாம் விளக்கினால்தான். சுவிச் மேலே வந்தபின்பும் செருகி இருந்தால் குக்கர் தொடர்ந்து சிறிதளவு மின்சாரம் எடுக்கும். 40 வாட் என்றாலும் நாளுக்கு ஐந்து மணித்தியாலம் விட்டால் மாதம் ஆறு அலகு போய்விடும். பதினைந்து நிமிடம் கழிந்ததும் செருகியைக் கழற்றுங்கள். மின்கட்டணம் 30, 60, 90 அலகு என்ற படிகளில் கூடிப்போகும் முறைக்கு நாம் பழகியிருக்கிறோம். உங்கள் கடைசிப் பட்டியலை எடுத்து, எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்று பாருங்கள். படியின் விளிம்பில் நிற்கும் வீட்டுக்குப் பத்து அலகு பெரிய விடயம். நடுவில் நிற்கும் வீட்டுக்கு அவ்வளவு இல்லை.

ஒரே மீற்றரில் இரண்டு குடும்பங்கள் இருக்கும் இடத்தில் இந்தக் கணக்கு இன்னும் பயன் தரும். ஒவ்வொரு தடவை சமைத்ததும் கலண்டரில் ஒரு கோடு இடுங்கள். மாதக் கடைசியில் கோடுகளை எண்ணி ஆறால் வகுத்தால் அலகு வந்துவிடும். அதற்குரிய பணத்தை வந்த குடும்பம் தன் கையால் கொடுக்கலாம். நிலமிழந்து வந்தவர்களை வருத்துவது பசி மட்டுமல்ல, பிறர் வீட்டில் கடன்பட்டவர்போல் இருப்பதும்தான். கூச்சத்தை விடக் கணக்கு நல்லது. அக்கா தங்கை உறவையும் அது காப்பாற்றும்.

வயரைப் பார்த்தபின் செருகுங்கள்

இதுவே மிகவும் முக்கியமான பகுதி. லயங்களில் தீப்பற்றிய செய்திகளை நாம் அடிக்கடி கேட்கிறோம். மின் ஒழுக்கே காரணம் என்று பல தடவை சொல்லப்படுகிறது. ஒரே கூரையின் கீழ் வரிசையாக இருக்கும் காம்பராக்களில் ஒன்றில் பற்றினால் அடுத்த வீட்டுக்காரரின் அடையாள அட்டையும் பிள்ளைகளின் புத்தகமும் சேர்ந்தே எரியும். ஒருமுறை எல்லாவற்றையும் இழந்தவர்கள் இன்னொரு முறை இழக்கக் கூடாது.

சின்னக் குக்கர் எடுப்பது ஒன்றரை அம்பியர் மட்டுமே. எமது 230 வோல்ற் மின்சாரத்தில், ஒழுங்காகப் பொருத்திய 5 அம்பியர் செருகித்துளை 1150 வாட் வரை தாங்கும். ஆகவே குக்கர் தனியாகச் செருகப்பட்டால் பாரமில்லை. தண்ணீர் கொதிக்கவைக்கும் மின்கேத்தல் 1500 வாட்டுக்கும் மேல். ஸ்திரிக்கைப் பெட்டி 1000 வாட் அளவு. இவற்றைக் குக்கருடன் ஒரே துளையில், ஒரே நீட்டு வயரில் போடுவதே ஆபத்து.

செருகுமுன் இவற்றைப் பாருங்கள்:

வெளிச்சத்துக்காக இழுத்த மெல்லிய வயரிலோ, பல்ப் மாட்டும் இடத்திலோ குக்கரைக் கொளுவ வேண்டாம். அங்கே புவித் தொடுப்பு இல்லை. குக்கரின் உடம்பு உலோகம். ஈரக் கையும் ஈரத் தரையும் சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து.

மூன்று முனைச் செருகியின் மூன்றாவது முனையே உங்களைக் காப்பது. அதனை வெட்டவோ, இரண்டு முனைச் செருகியைத் தீக்குச்சி கொண்டு துளைக்குள் திணிக்கவோ வேண்டாம்.

பத்து நிமிடம் சமைத்தபின், சுவிச்சை நிறுத்திவிட்டுச் செருகியைத் தொட்டுப் பாருங்கள். சுட்டால், கருகல் மணம் வந்தால், குக்கரைப் போடும்போது விளக்கு மங்கினால் அந்த இடத்தில் சமைப்பதை நிறுத்துங்கள்.

வீட்டில் ட்ரிப் சுவிச் இருந்தால் அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். உடனே விழ வேண்டும். விழாவிட்டால் அது காவலில்லாத வாசல். ட்ரிப் சுவிச்சே இல்லாத வீட்டில், முதலில் சேர்க்க வேண்டிய பணம் அதற்கே.

வயர் பழசு என்றால் அது உங்கள் ஒரு வீட்டுக் குறையல்ல. லயத்தில் எத்தனை வீட்டில் செருகி சுடுகிறது, எத்தனை வீட்டில் ட்ரிப் சுவிச் இல்லை என்று மாதர் சங்கமே வீடு வீடாகப் பார்த்து ஒரு கொப்பியில் எழுதட்டும். எல்லோரும் கையொப்பமிட்டுத் தோட்ட நிர்வாகத்துக்கும் மின்சார அலுவலகத்துக்கும் எழுத்தில் கொடுங்கள். பிரதியொன்றை வைத்துக்கொள்ளுங்கள். தனி ஆள் வாயால் சொன்னது காற்றோடு போகும். இருபது வீடு எழுத்தில் கொடுத்ததற்குப் பதில் கேட்க உரிமை உண்டு.

இடமில்லாத குசினியில் எங்கே வைப்பது?

நிலத்தில் வைக்க வேண்டாம். தவழும் பிள்ளை வயரை இழுக்கும். படுக்கைக்குப் பக்கத்திலும் வேண்டாம். இடுப்பு உயரத்தில் ஒரு பலகை, ஜன்னலோரமாக இருந்தால் நல்லது. மேலே உடுப்புத் தொங்கக் கூடாது. மூடித் துளையிலிருந்து வரும் ஆவி கையைச் சுடும், சுவரையும் நனைக்கும். ஆகவே சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள்.

உட்பாத்திரத்தை வைக்குமுன் அதன் அடியைத் துணியால் துடையுங்கள். ஒரு சோற்றுப் பருக்கை தட்டில் ஒட்டியிருந்தாலும் பாத்திரம் சரியாக அமராது, சுவிச் நேரத்துக்கு முந்தியோ பிந்தியோ விழும். கழுவுவது உட்பாத்திரத்தையும் மூடியையும் மட்டுமே. உறையைத் தண்ணீரில் அமிழ்த்தவே கூடாது. இரும்புக் கரண்டி வேண்டாம், மர அகப்பை போதும்.

ஆவித்தட்டு இருந்தால் அதே மின்சாரத்தில் கறியும் ஆகும். சோறு கொதிக்கத் தொடங்கியதும் கரட், போஞ்சி, உருளைக்கிழங்கை மெல்லியதாக வெட்டித் தட்டில் வைத்து மூடினால் சோறு இறங்கும்போது அவையும் வெந்திருக்கும். தேங்காய்ப்பூ, வெங்காயம், பச்சைமிளகாய், தேசிக்காய்ப்புளி சேர்த்துப் பிசைந்தால் ஒரு சம்பல். நிவாரணப் பருப்பை அரிசியோடு சேர்த்து, கைப்பிடி கீரையும் போட்டால், பிள்ளைக்கும் நோயாளிக்கும் ஏற்ற சோறு. பயறு கஞ்சியும் வைக்கலாம். கஞ்சிக்குப் பாத்திரத்தில் அரைவாசிக்கு மேல் நிரப்பாமல் பக்கத்தில் நில்லுங்கள், பொங்கும்.

காலையில் ஆக்கிய சோற்றை மூடிய குக்கருக்குள் மாலைவரை வைத்திருக்க வேண்டாம். இளஞ்சூட்டில் சோறு விரைவில் பழுதாகும். பழுதானதை மீண்டும் சுடவைத்தாலும் நஞ்சு போகாது. தேவையான அளவே ஆக்குங்கள்.

அடுப்பை இடித்துவிட வேண்டாம்

குக்கர் வந்ததும் அடுப்பைக் கைவிடும்படி நாம் சொல்லவில்லை. 2021இன் கடைசியில் எரிவாயுச் சிலிண்டர் வெடித்த சம்பவங்களும், 2022இல் எரிவாயுவுக்கு நின்ற வரிசைகளும், பதின்மூன்று மணித்தியாலம் வரை போன மின்வெட்டும் எமக்கு ஒரு பாடம் சொல்லின. ஒன்றையே நம்பிய வீடு பட்டினி கிடந்தது. ரொட்டிக்கும் குளிருக்கும் அடுப்பு வேண்டும். காய்ந்த மிலாறு ஒரு கட்டு எப்போதும் இஸ்தோப்பில் இருக்கட்டும். ஆனால் நாளுக்கு மூன்று வேளை புகைந்த அடுப்பு ஒரு வேளை புகைந்தால், நெஞ்சுக்கும் மலைக்கும் அவ்வளவு நன்மை.

மிச்சமாகும் மணித்தியாலம் யாருக்கு?

யாரும் கேட்காத நான்காவது கேள்வி இதுதான். குக்கர் ஒரு பெண்ணுக்குக் காலையில் அரை மணித்தியாலமும், விறகுக்குப் போகாத நாட்களில் அதைவிடக் கூடுதலாகவும் மிச்சப்படுத்தும். அந்த நேரம் எங்கே போகிறது? அதற்குள் இன்னொரு வேலை நுழைந்துவிட்டால் குக்கர் அவளுக்கு எதையும் கொடுக்கவில்லை. பெரட்டுக்கு முன் அவள் இன்னும் கொஞ்சம் தூங்கினால், பிள்ளையின் கொப்பியைப் பார்த்தால், சங்கக் கூட்டத்துக்கு வந்தால், அப்போதுதான் கொடுத்தது.

இன்னொரு நன்மையும் உண்டு. அடுப்பூதத் தெரியாது என்று விலகியவர்களுக்கு இனிச் சாட்டு இல்லை. மூன்று கோப்பை அரிசி, ஏழு கோப்பை தண்ணீர், ஒரு சுவிச். தகப்பனும் செய்யலாம், வளர்ந்த மகனும் செய்யலாம். உயிர்த்த ஆண்டவர் கடற்கரையில் தம் கையால் கரிநெருப்பு மூட்டி, களைத்து வந்த சீடருக்கு உணவு ஆயத்தம் செய்து வைத்திருந்தார் என்று யோவான் நற்செய்தியில் வாசிக்கிறோம். சமையலை அவர் தமக்குக் குறைவாக நினைக்கவில்லை.

அந்தத் தங்கையின் பெட்டியை அன்றே பிரித்தோம். முதல் நாள் சோறு கொஞ்சம் குழைந்துவிட்டது. அடுத்த நாள் கால் கோப்பை தண்ணீர் குறைத்தாராம். இப்போது குசினிச் சுவரில் கரியால் ஓர் அளவும், கலண்டரில் சிறு கோடுகளும் இருக்கின்றன. சொந்த வயல் நெல்லும், சொந்த வீட்டு அடுப்பும் திரும்ப வரும்வரை, சொந்தக் கணக்கில் ஆக்கிய சோறாவது அவர்கள் கலத்தில் இருக்கட்டும்.

குழுவில் கலந்துரையாட

எமது லயத்தில் எத்தனை வீடுகளின் செருகி சுடுகிறது? அதனை எழுதிக் கொடுக்கும் பொறுப்பை யார் எடுப்பது?

ஒரே மீற்றரைப் பாவிக்கும் குடும்பங்கள் கட்டணத்தை எப்படிப் பகிர்கின்றன? கோடு போடும் முறை எமக்குச் சரிவருமா?

கடந்த கிழமை எமது வீட்டில் சோறு ஆக்கியவர் யார்? அடுத்த கிழமை யார்?